சுவருக்கு அப்பால் ஆஸ்தா

மைக்கன் ஓவர்கோர் உட்கார்ந்திருந்த அறை முன்பு கீழ்த்தளத்து சைக்கிள் கடைக்காரர் டயர் அடுக்கி வைத்த இடம். ரப்பர் வாடை இன்னும் போகவில்லை. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் சோபாவும் பூச்செடியும் போட்ட நல்ல அறை. அங்கே, டென்மார்க்குக்குப் பிழைக்க வந்த மீன் ஆலைத் தொழிலாளிகள் ஒவ்வொருவராக வந்து, டேப்லெட் முன்னால் உட்கார்ந்து, ஆஸ்தாவோடு டேனிஷ் பேசிப் பழகிவிட்டுப் போவார்கள்.

ஆஸ்தா ஒரு செயலி, வெறும் இயந்திரம், யாரும் ஒட்டுக்கேட்க மாட்டார்கள், கூச்சப்படாமல் பேசுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆஸ்தா என்று ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை. அவர்கள் பேசுவதை மைக்கன் ஹெட்போனில் கேட்பாள். பதிலைத் தட்டுவாள். அதைக் கணினிக் குரல் ஒன்று அந்த அறையில் வாசிக்கும். செயலியைக் கட்டுவதற்கு முன்னால் அது எப்படிப் பேசவேண்டும் என்று கண்டுபிடிக்க இந்தத் தொழிலில் பலரும் செய்கிற காரியம்தான். ஆனால் அன்றன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுவது வழக்கம்.

"எல்லாம் முடியட்டும், கடைசியில சொல்லிக்கலாம்" என்றான் ட்ரோல்ஸ். நிறுவனம் அவனுடையது. "இந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு தெரிஞ்சா அப்புறம் வாயத் திறப்பாங்களா?"

மைக்கனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

அவர்களுக்குள் பெரிய சண்டை வேறொன்றைப் பற்றித்தான். ஆஸ்தாவுக்கு எல்லாமே புரியவேண்டும் என்பான் ட்ரோல்ஸ். தப்பாகப் பேசினாலும் ஊகித்துப் புரிந்துகொண்டு, "அருமை!" என்று சொல்லவேண்டும். மைக்கன் ஒத்துக்கொள்ளவில்லை. "வெளிய போனா பேக்கரிக்காரிக்குப் புரியாதே, ட்ரோல்ஸ். புரியலன்னு சொல்றதுக்கும் ஆஸ்தாவுக்குத் தெரியணும்."

"'உன் டேனிஷ் புரியல'ன்னு கேக்கறதுக்கு எவன் வருவான்? அத பேக்கரியிலயே ஓசியில கேட்டுக்கலாமே."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆஸ்தாவுக்கு எல்லாம் புரிந்துகொண்டிருந்தது.

அன்று வந்திருந்தவள் ரோடிகா. ருமேனியாக்காரி, ஐம்பதை நெருங்குகிறவள். ஹவ்ஸ்ட்ரூப் மீன் ஆலையில் தோலுரிக்கும் பகுதியில் வேலை. சோதனைக்கு வந்தவர்களில் அவளைத்தான் மைக்கனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மற்றவர்கள் இயந்திரத்துக்குப் பயந்து பேசுவார்கள். இவள் வந்த அன்றே அதை அதட்டினாள். பிளம்பரைக் கூப்பிடுகிற பாடத்தில் பிளம்பரையே திட்டினாள். போன வாரம் பாடத்தை விட்டுவிட்டு, ஊரில் இருக்கும் மகன் போனை எடுப்பதே இல்லை என்று ஆஸ்தாவிடம் சொல்லி அழுதாள். மைக்கன் அப்போது என்ன தட்டுவது என்று தெரியாமல் விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இன்றைய பாடம் பல் டாக்டரிடம் நேரம் கேட்பது.

"வணக்கம், ரோடிகா. இன்னைக்குப் பல் டாக்டருக்குப் போன் பண்ணலாமா?" என்றது கணினிக் குரல்.

"பல் வேண்டாம்" என்றாள் ரோடிகா. அவள் குரல் தணிந்திருந்தது. "ஆஸ்தா பொண்ணே. நீ யார் கிட்டயும் சொல்லாது, இல்ல?"

மைக்கன் 'நான் ஓர் இயந்திரம்' என்று தட்டினாள். அழித்தாள். 'சொல்ல மாட்டேன்' என்று தட்டினாள். அதையும் அழித்தாள். கடைசியில், பேச்சு தடம் மாறினால் சொல்வதற்கென்று தயாராக வைத்திருந்த வாக்கியம் ஒன்றை அனுப்பினாள்.

"இன்னைக்கு எதைப் பத்திப் பேசலாம்?"

ரோடிகா சிரித்தாள். "கல்லு நீ. நல்லது. கல்லு கிட்ட பேசறது நல்லது." சோபா கிறீச்சிட்டது. "நாளைக்கு வேலைப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வருது ஆலைக்கு. என்னக் கேக்கும். எனக்கு டேனிஷ் வராது, அதனால சோரின் மொழிபெயர்ப்பு. சோரின் எங்க சூப்பர்வைசர். எங்க ஊரு ஆளு. ஆனா நான் ஒண்ணு சொன்னா அவன் வேற ஒண்ணு சொல்லுவான். அதனால நானே சொல்லணும். டேனிஷ்ல. நீ இன்ஸ்பெக்டர் மாதிரி கேளு."

மைக்கனின் முதுகு நிமிர்ந்தது. "என்ன நடந்தது?" என்று தட்டினாள்.

"மிரேலா என் கூட வேலை. மெஷின் மிரேலா கை எடுத்தது. மூடி இல்ல. மூடி கழட்டி வெச்சது, வேகம் வேணும்னு. இப்ப மிரேலாவோட தப்புன்னு எல்லாரும் சொல்லணுமாம். சோரின் சொல்றான், அப்படிச் சொன்னா வேலை இருக்கும், இல்லன்னா..."

அந்த நேரம் பார்த்து மைக்கனின் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. ட்ரோல்ஸ் தலையை நீட்டினான். இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் ஒரு பரபரப்பு.

"லிஸ்பெட் க்விஸ்ட் வந்தாச்சு" என்று கிசுகிசுத்தான். "காபி குடிச்சிட்டிருக்காங்க. ஹால் ஸ்கிரீன்ல பேச்ச எழுத்தா ஓட விட்டிருக்கேன். அசத்திடு."

அவள் ஹெட்போனைக் கழற்றுவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

லிஸ்பெட் க்விஸ்ட் ஹவ்ஸ்ட்ரூப்பில் பணியாளர் பிரிவுத் தலைவி. செயலிக்குப் பணம் போடப்போவது அந்த ஆலைதான். சோதனைக்கு ஆட்களை அனுப்பியதும் அவர்தான். இந்த நேரத்தில் சோபாவில் உட்கார்ந்திருப்பது யார் என்பது அவருக்குத் தெரியும்.

மைக்கன் தன் திரையைப் பார்த்தாள். ரோடிகா பேசுவதைக் கணினி எழுத்தாக மாற்றி, பேச்சுக்குச் சற்றுப் பின்தங்கி, வரிவரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. இதே வரிகள்தான் இப்போது ஹாலில், ஓர் ஆள் உயரத் திரையில், காபிக் கோப்பைக்கு எதிரே ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாக வந்திருந்த வரி: 'இயந்திரம் மிரேலாவின் நாயை எடுத்தது.'

நாய். டேனிஷில் கைக்கு 'ஹொன்', நாய்க்கு 'ஹுன்'. ரோடிகாவின் வாயில் இரண்டும் ஒன்றுதான். மைக்கனுக்கு வாரக்கணக்கில் கேட்டுப் பழகிவிட்டதால் கை என்றே புரிந்துவிட்டது. கணினிக்குப் புரியவில்லை.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து லிஸ்பெட்டின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நாயா? எங்க ஆலைக்குள்ள எந்த நாய்?"

ட்ரோல்ஸும் சேர்ந்து சிரித்தான். பிறகு லிஸ்பெட்டின் சிரிப்பு மட்டும் நின்றது.

"மிரேலா" என்று அவர் வாசிப்பது கேட்டது.

மைக்கன் குனிந்து, மேசைக்கு அடியில் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்த வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

எல்லாம் நின்றது. ஹெட்போனில் இரைச்சல்கூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், "ஆஸ்தா? ஆஸ்தா, செத்துப் போச்சா?" என்று ரோடிகா டேப்லெட்டைத் தட்டுவது நேராகவே காதில் விழுந்தது. இனி ஒயரைத் திரும்பச் செருகினால் ஹால் திரையும் உயிர் பெறும். செருகாவிட்டால் நாளைக்கு இந்தப் பெண் சோரினின் வாயை நம்பி இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்பாள். அதற்கு மேல் யோசிக்க நேரம் இல்லை. மைக்கன் எழுந்து தாழ்வாரத்தில் நான்கு எட்டு வைத்து, அடுத்த அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள்.

குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிட ரோடிகா உயரம். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி. மடியில் மடித்து வைத்த கோட்டு.

"யாரு நீ?"

"என் பேரு மைக்கன். இங்க வேலை பாக்கறேன்." அவள் டேப்லெட்டைக் காட்டினாள். "ஆஸ்தா... ஆஸ்தா நான்தான்."

"புரியல. மெதுவா."

"மெஷின் கிடையாது. இந்தச் சுவருக்குப் பின்னாடி நான் உக்காந்திருந்தேன். நீங்க பேசினத நான் கேட்டேன். பதில் எழுதினதும் நான்தான்."

ரோடிகா டேப்லெட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு மைக்கனின் முகத்தை.

"எல்லாம்?"

"எல்லாம்."

"என் பையன் பத்தி?"

"அதுவும்."

ரோடிகா எழுந்து கோட்டை ஒரு கையில் மாட்டினாள். அடுத்த கை அகப்படாமல் தடுமாறியது. மைக்கன் உதவ நகர்ந்தபோது அவள் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"உனக்கு வெக்கமா இல்லையா?" என்றாள் ரோடிகா. இத்தனை வாரத்தில் அவள் பிழையே இல்லாமல் பேசிய முதல் டேனிஷ் வாக்கியம் அதுதான்.

"இருக்கு. திட்டுங்க, எவ்வளவு வேணாலும் திட்டுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. லிஸ்பெட் க்விஸ்ட் ஹால்ல இருக்காங்க. நீங்க பேசினது அங்க ஸ்கிரீன்ல எழுத்தா ஓடியிருக்கு. எனக்கும் இப்பத்தான் தெரியும். ஒயரப் பிடுங்கிட்டு ஓடி வந்தேன்."

ரோடிகாவின் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் பயம் வந்தது. பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தாள். கோட்டு ஒரு தோளில் தொங்கியது.

"எவ்வளவு பாத்தா?"

"மிரேலா பேரு. மெஷின். அப்புறம்... நாய்."

"என்ன நாய்?"

"நீங்க கைன்னு சொல்றது எங்க காதுல நாய்னு விழுது."

ரோடிகா தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். "எத்தன வாரம் நான் கை, கை, கைன்னு உன்கிட்ட சொல்லுது. கை கழுவு, கை வலி, கை உறை. ஒரு நாள் சொல்லலையே? அருமை, அருமைன்னு சொன்னியே?"

"ஆஸ்தாவுக்கு எல்லாம் புரியணும்னு..."

"நாளைக்கு நான் இன்ஸ்பெக்டர் முன்னாடி நின்னு நாய்னு சொல்லும். அவங்க சிரிக்கும். சோரின் சிரிக்கும். மிரேலா விரல் மூணு போச்சு, எல்லாரும் சிரிக்கும்!"

தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் வந்து, கதவைத் தாண்டி, டயர் அறைப் பக்கம் போயிற்று. ட்ரோல்ஸ்தான். அங்கே ஆள் இல்லை என்பதை இந்நேரம் பார்த்திருப்பான்.

"உக்காரு" என்றாள் ரோடிகா. "எதுக்க உக்காரு. நீ இன்ஸ்பெக்டர். புரியலன்னா புரியலன்னு சொல்லு. பொய் சொன்னா அடிப்பேன்."

மைக்கன் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "என்ன நடந்தது?"

"மெஷின் மிரேலா நாய்..."

"நாய்."

"க... கை."

"இன்னும் வாயத் திறந்து. தொண்டையில கொஞ்சம் நிறுத்தி. ஹொன்."

"ஹொன்."

"கை. இப்பக் கேக்குது. மூடிக்கு என்ன ஆச்சு?"

"மூடி, மிரேலா சோரின் கழட்டினது."

"யாரு கழட்டினது?"

"சொன்னேனே! சோரின்!"

"நீங்க சொன்னதுல மிரேலா கழட்டினதாவும் எடுத்துக்கலாம். சோரின் அப்படித்தான் எடுத்துக்குவான். செஞ்ச ஆள முதல்ல சொல்லுங்க. அப்புறம் என்ன செஞ்சான்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சேக்காதீங்க."

ரோடிகா கண்ணை மூடிக்கொண்டாள். "சோரின் மூடியைக் கழட்டினான்."

"இன்னொரு தடவை."

"சோரின் மூடியைக் கழட்டினான். மெஷின் மிரேலாவோட கையை இழுத்துது."

"நீங்க பாத்தீங்களா?"

ரோடிகா தோளில் தொங்கிய கோட்டின் பொத்தானைத் திருகினாள்.

"அவங்க கட்டாயம் கேப்பாங்க, ரோடிகா. கழட்டினத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றாள். "நான் பக்கத்து மெஷின். பாத்தேன், ஒண்ணும் சொல்லல. மூடி இல்லன்னா வேகம். வேகம்னா சீக்கிரம் வீடு. எனக்கும் சந்தோஷம்தான் அப்போ."

கதவை யாரோ தட்டினார்கள். "மைக்கன்? உள்ள இருக்கியா? கதவத் தொற" என்றான் ட்ரோல்ஸ்.

மைக்கன் ரோடிகாவைப் பார்த்தாள். ரோடிகா தோளைக் குலுக்கினாள். மைக்கன் தாழை நீக்கி வெளியே வந்து, கதவைத் தன் முதுகால் மூடிக்கொண்டு நின்றாள்.

ட்ரோல்ஸின் நெற்றி வியர்த்திருந்தது. அவன் பின்னால் லிஸ்பெட் க்விஸ்ட், கழற்றாத மழைக்கோட்டோடு. ஒல்லியான, அமைதியான பெண்மணி. ஆலையில் எல்லாருடைய பிறந்தநாளுக்கும் கேக் கொண்டுவருகிறவர் என்று பெயர்.

"ஸ்கிரீன் அணைஞ்சு போச்சு" என்றார் அவர்.

"நான்தான் அணைச்சேன்."

"உள்ள ரோடிகாதானே? அவ மெஷின் கிட்டப் பேசினது முழுசா எனக்கு வேணும். இப்பவே."

"தர முடியாதுங்க. யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொல்லித்தான் அவங்கள உக்கார வெச்சோம்."

"எங்க ஆலையில நடந்த ஒண்ணப் பத்தி அது. நாங்க தெரிஞ்சுக்கணும். யாரும் கேக்கலன்னா அப்ப ஸ்கிரீன அணைக்கணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ட்ரோல்ஸ் கண்ணாலேயே கெஞ்சினான். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தான்.

"நான் கேட்டுட்டிருந்தேன்" என்றாள் மைக்கன். "மெஷின்னு ஒண்ணு இன்னும் இல்ல. ஆஸ்தாவா பேசறது நான்தான்."

லிஸ்பெட் மெதுவாக ட்ரோல்ஸ் பக்கம் திரும்பினார். "பாதிக்கு மேல முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே?"

"அதாவது, வடிவமைப்பு அளவுல பாத்தா..." என்று தொடங்கி ட்ரோல்ஸ் நிறுத்திக்கொண்டான்.

"அப்ப நீ கேக்கலாம். சம்பளம் கொடுக்கற நாங்க கேக்கக் கூடாது" என்றார் லிஸ்பெட், மைக்கனிடம். குரல் உயரவில்லை. "இல்லையா?"

மைக்கனுக்கு அடி சரியான இடத்தில் விழுந்தது. நானும் கேட்டிருக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதுகில் கதவு இடித்தது. விலகினாள். கோட்டை ஒழுங்காக மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு, ரோடிகா வெளியே வந்தாள்.

"லிஸ்பெட்" என்றாள். "எழுத்து எதுக்கு? நான் இருக்கேனே. சோரின் மூடியைக் கழட்டினான்."

"என்ன?" என்றார் லிஸ்பெட். நிஜமாகவே புரியவில்லையா, புரிந்ததை நம்ப முடியவில்லையா என்று மைக்கனுக்குத் தெரியவில்லை.

ரோடிகாவின் கண் ஒரு கணம் மைக்கன் பக்கம் வந்து திரும்பியது. அவள் மூச்சை இழுத்தாள். வாயை நன்றாகத் திறந்தாள்.

"சோரின். மூடியை. கழட்டினான். மெஷின் மிரேலாவோட கையை இழுத்துது. கை. நாய் இல்ல. நான் பாத்தேன்."

மழை கூரைத் தகரத்தில் அடித்தது. லிஸ்பெட்டின் கழுத்தில் சிவப்பு திட்டுத்திட்டாக ஏறியது.

"சோரின் என்கிட்ட சொன்னது வேற" என்றார் கடைசியில்.

"தெரியும். நாளைக்கு அவன் எனக்காகப் பேச வேண்டாம். நானே பேசறேன்."

"உனக்கு அந்த அளவுக்கு டேனிஷ்..."

"நீங்க இப்பப் புரிஞ்சுகிட்டீங்க, இல்ல?"

லிஸ்பெட் மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். ரோடிகாவும் போனாள், மைக்கனைத் திரும்பிப் பார்க்காமல். தாழ்வாரத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

"முடிஞ்சுது" என்றான் ட்ரோல்ஸ். "எல்லாம் முடிஞ்சுது. சந்தோஷமா உனக்கு?"

இல்லை என்றாள் மைக்கன். உண்மையைத்தான் சொன்னாள்.

மறுநாள் ஆலையில் நடந்தது அவளுக்கு வேறொரு தொழிலாளி மூலம்தான் தெரியவந்தது. இன்ஸ்பெக்டர் வந்ததும் சோரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான். ரோடிகா எழுந்து நின்று, இவன் வேண்டாம் என்றாள். பிறகு அந்த மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு, போனில் வெளியூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார். மீதியை ரோடிகா தன் மொழியில் சொன்னாள், அன்று மதியம்வரை. தான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததையும் விடவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் வாயைத் திறந்தார்கள். தோலுரிக்கும் இயந்திரங்களுக்கு மூடி திரும்ப வந்தது. மிரேலாவின் தவறு என்று எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினார்கள். வேகம் வேண்டும் என்று மேலேயிருந்து யார் சொன்னார்கள் என்ற கேள்வி மட்டும் விசாரணையில் இருந்தது. அது முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சோரினை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள்.

ஹவ்ஸ்ட்ரூப் ஆலை செயலி வேண்டாம் என்று இரண்டு வரியில் தெரிவித்தது. ட்ரோல்ஸ் பல நாள் மைக்கனோடு பேசவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, அச்சுப்பொறியில் தாள் தீர்ந்ததைக்கூட மின்னஞ்சலில் சொன்னான். பிறகு ஒரு காலை காபியை அவள் மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் 'புரியல' விஷயம், அத எப்படிக் கட்டறதா நினைச்சே?" என்று கேட்டான். மன்னிப்பு என்று எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. நகரத்து மொழிப் பள்ளி ஒன்று செயலியை வாங்கிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தது. அதை நம்பி ஓட்டினார்கள்.

மைக்கன் சோதனைக்கு வந்த ஒவ்வொருவரையும் தேடிப் போய் ஆஸ்தா யார் என்று சொன்னாள். போலந்துக்காரர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஓர் இளம்பெண் முகத்தில் அறைகிற மாதிரி கதவைச் சாத்தினாள். ரோடிகாவின் வீட்டுக்கு மட்டும் போக முடியவில்லை. இருமுறை அந்தத் தெருமுனைவரை போய்த் திரும்பினாள்.

வசந்தம் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, எஸ்பியெர்க் துறைமுகத்தருகே சூப்பர்மார்க்கெட் வரிசையில், முன்னால் நின்ற உயரமான பெண் திரும்பினாள். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி.

பக்கத்தில் நின்ற இளம்பெண்ணை ரோடிகா முழங்கையால் இடித்தாள். "மிரேலா. இவதான் ஆஸ்தா."

மிரேலா மைக்கனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. "இவ்வளவு குள்ளமா?" என்றாள்.

"குரல் பெரிசு" என்றாள் ரோடிகா. பிறகு மைக்கனிடம், "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள்.

"தெரியும்."

"அந்த ஆப் முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல. புரியலன்னா புரியலன்னு சொல்ற மாதிரி பண்ணிட்டிருக்கோம்."

"முடிஞ்சா மிரேலாவுக்குக் கொடு. வேற வேலை தேடணும் இவ, பேசத் தெரியணும். ஆனா நீ கேக்காத."

"கேக்க மாட்டேன்."

ரோடிகா அவளை நேராகப் பார்த்தாள். நம்பினாளா என்று மைக்கனுக்குத் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது. உருளைக்கிழங்கும் பாலும் மறுபக்கம் போய்ச் சேர்ந்தன. மிரேலா இடது கையால் பையைத் தூக்கினாள். ரோடிகா அதை வாங்கப் போனாள். மிரேலா கொடுக்கவில்லை. இருவரும் தங்கள் மொழியில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே வெளியே காற்றுக்குள் போனார்கள்.